36 பிள்ளைகள், 16 புள்ளிச் சரிவு

கேட்ட கேள்வி சுருக்கமாக இது. கணவரின் வேலை மாற்றத்தால் ஒஹாயோ மாநிலத்தின் ஒரு சிறு ஊருக்குக் குடிபோக வேண்டும். ஊருக்கே ஒரே ஆரம்பப் பள்ளி. மகள் இரண்டாம் வகுப்பில் சேரப் போகிறாள். மாநிலத் தேர்வில் அந்தப் பள்ளியின் மூன்றாம் வகுப்புக் கணிதத் தேர்ச்சி ஒரே ஆண்டில் 69 சதவீதத்திலிருந்து 53க்கு இறங்கியிருக்கிறது. வீடு விற்கும் தளத்திலும் பள்ளிக்குப் பத்துக்கு ஐந்துதான். "பள்ளிக்கூடம் கெட்டுவிட்டதா? பேசாமல் நாற்பது நிமிடம் தள்ளியுள்ள பெரிய புறநகரில் வீடு எடுத்துவிட்டு, அவர் தினமும் கார் ஓட்டிப் போய்வரட்டுமா?"

முதலில் நேரடியான பதில்: இந்த ஒரு எண்ணை வைத்து அந்த முடிவை எடுக்காதீர்கள். பள்ளி நன்றாக இருக்கலாம், மோசமாகவும் இருக்கலாம். ஆனால் 69, 53 என்ற இரண்டு எண்களுக்கு அதைச் சொல்லும் வலிமை கிடையாது. ஏன் என்று விளக்குகிறேன். அதன்பின் எதைப் பார்க்க வேண்டும் என்றும் சொல்கிறேன், ஏனென்றால் தேர்வு முடிவே வேண்டாம் என்பது என் கட்சி அல்ல.

நீங்கள் அனுப்பிய விவரத்தில் மூன்றாம் வகுப்பில் தேர்வு எழுதியவர்கள் 36 பேர் என்று இருக்கிறது. 36 பேரில் 25 பேர் தேர்ச்சி என்றால் 69 சதவீதம். 19 பேர் என்றால் 53 சதவீதம். ஆக, இந்தச் சரிவு முழுவதும் ஆறு பிள்ளைகள்தான். அதுவும் அதே பிள்ளைகள் அல்ல. போன ஆண்டு எழுதிய 36 பேர் நான்காம் வகுப்புக்குப் போய்விட்டார்கள், இந்த ஆண்டு எழுதியது வேறு 36 பேர். ஒரு ஆண்டு பிறந்த கூட்டத்தில் கணக்குப் பிடித்த பிள்ளைகள் நாலைந்து பேர் கூடுதலாக இருப்பதும் மறு ஆண்டு குறைவாக இருப்பதும் எந்த ஊரிலும் நடப்பது.

புள்ளியியல் கணக்குப்படி பார்த்தாலும், பள்ளியின் தரம் சற்றும் மாறாமல் ஆண்டுதோறும் 60 சதவீதம் பேர் தேறக்கூடிய பள்ளியில், 36 பேர் எழுதும்போது முடிவு 44க்கும் 76க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் வந்து விழலாம். இருபது ஆண்டில் ஓர் ஆண்டு அதையும் தாண்டும். இதே தேர்வை 3,000 பிள்ளைகள் எழுதும் பெரிய நகரப் பள்ளி மாவட்டத்தில் (இங்கே மாவட்டம் என்றால் ஓர் ஊரின் பொதுப்பள்ளிகளை நடத்தும் தனி நிர்வாகம்) இந்த ஊசலாட்டம் இரண்டு புள்ளிக்குள் அடங்கிவிடும். அங்கே 16 புள்ளி இறங்கினால் நிச்சயம் ஏதோ நடந்திருக்கிறது. உங்கள் ஊரில் அப்படிச் சொல்ல முடியாது.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்வதல்ல. டாமஸ் கேன், டக்ளஸ் ஸ்டெய்கர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் வட கரோலினா மாநிலத் தரவை வைத்து 2002இல் இதை விரிவாகக் காட்டினார்கள். சிறந்த பள்ளி என்று பரிசு வாங்கும் பட்டியலில் சிறிய பள்ளிகள் அளவுக்கு மீறி இடம்பிடித்தன. கடைசி வரிசையிலும் அவையே நிறைந்திருந்தன. ஹோவர்ட் வெய்னர் என்ற புள்ளியியலாளர் பென்சில்வேனியாவின் பள்ளிகளை எடுத்துப் பார்த்தபோதும் அதே கதைதான். மதிப்பெண்ணில் முதல் 50 பள்ளிகளில் 6, மாநிலத்தின் மிகச் சிறிய 50 பள்ளிகளைச் சேர்ந்தவை. கடைசி 50இல் 9 பள்ளிகள் அவற்றைச் சேர்ந்தவை. அளவுக்கும் தரத்துக்கும் தொடர்பே இல்லையென்றால் இரு பக்கமும் ஒன்றோ இரண்டோதான் வந்திருக்க வேண்டும். பட்டியலின் மேல்பாதியை மட்டும் பார்த்து "சிறிய பள்ளிதான் நல்லது" என்று நம்பியவர்கள் உண்டு. கேட்ஸ் அறக்கட்டளை 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் சிறிய உயர்நிலைப் பள்ளிகளை உருவாக்கப் பெரும்பணம் செலவிட்டது. அவற்றில் பல பள்ளிகளில் பிள்ளைகளின் கல்வி குறிப்பிடும்படி முன்னேறவில்லை என்று பில் கேட்ஸே 2009இல் எழுதினார்.

சரி, இவ்வளவு சிறிய கூட்டத்துக்கும் ஏன் ஆண்டுதோறும் தேர்வு வைத்து எண்ணை வெளியிடுகிறார்கள்? 2002 ஜனவரியில் கையெழுத்தான 'நோ சைல்டு லெஃப்ட் பிஹைண்ட்' சட்டம்தான் மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணிதத்திலும் தேர்வு வேண்டும் என்றது. 2015இல் அதற்குப் பதிலாக வந்த சட்டமும் அந்தத் தேர்வுகளை அப்படியே வைத்துக்கொண்டது, 95 சதவீதப் பிள்ளைகளாவது எழுத வேண்டும் என்ற விதியோடு. நோக்கம் நல்லது. அதற்கு முன்பு கறுப்பினப் பிள்ளைகளும் ஏழைப் பிள்ளைகளும் மாற்றுத்திறன் பிள்ளைகளும் எவ்வளவு பின்தங்கியிருக்கிறார்கள் என்பதைப் பல பள்ளிகள் சராசரிக்குள் மறைத்துவிட முடிந்தது. இப்போது ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியாக எண் வந்தாக வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே இந்தத் தேர்வுகள் இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ஆனால் சிறிய மாவட்டத்தில் அந்தப் பிரிவுகள் இன்னும் சிறுத்துப் போகின்றன. பத்துப் பேருக்குக் குறைவான பிரிவின் முடிவை ஒஹாயோ வெளியிடுவதே இல்லை, யாருடைய பிள்ளை என்று ஊருக்கே தெரிந்துவிடும் என்பதால். ஆகவே ஊரில் நான்கு தமிழ்க் குடும்பங்கள் இருந்தாலும் அந்தப் பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்பதை அறிக்கையில் தேடிப் பயனில்லை.

அடுத்து அந்தத் 'தேர்ச்சி' சதவீதம். நம்மில் பலர் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வையும் 35 மதிப்பெண்ணையும் மனதில் வைத்தே இதைப் படிக்கிறோம். 53 சதவீதத் தேர்ச்சி என்றால் 47 சதவீதம் பேர் ஃபெயில் என்று நெஞ்சு பதறுகிறது. ஒஹாயோவில் அப்படி இல்லை. லிமிட்டெட், பேசிக், புரொஃபிஷியன்ட், அக்காம்ப்ளிஷ்ட், அட்வான்ஸ்ட் என்று ஐந்து படிகள். புரொஃபிஷியன்ட் என்பது மூன்றாவது படி, அதற்கான கோடு 700. ஒரு பிள்ளை 698 எடுத்தால் அறிக்கையில் அது தேறாத பிள்ளை. பக்கத்து நாற்காலியில் 702 எடுத்தவள் தேறியவள். இருவருக்கும் இடையே ஒரு கேள்வி அளவுக்குத்தான் வித்தியாசம் இருக்கும். அதே பிள்ளைகள் வேறொரு நாள் எழுதியிருந்தால் இடம் மாறியிருப்பார்கள். 36 பேரில் ஐந்தாறு பேர் இந்தக் கோட்டுக்கு அருகே இருந்தாலே போதும், சதவீதம் பத்துப் பதினைந்து புள்ளி ஆடிவிடும்.

கோட்டுக்குக் கீழே நூலிழையில் நிற்பவர்களை 'பபிள் கிட்ஸ்' என்று இங்குள்ள ஆசிரியர்களே சொல்வார்கள். அழுத்தத்தில் இருக்கும் பள்ளி அவர்களை மட்டும் பிடித்துத் தனிப்பயிற்சி கொடுத்தால் சதவீதம் ஏறும், ஆனால் மிகவும் பின்தங்கிய பிள்ளைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. டெக்சாஸிலும் சிகாகோவிலும் இதை ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். எனவே தேர்ச்சி சதவீதம் ஏறிவிட்டது என்ற செய்தியைக் கேட்டாலும் நான் உடனே மகிழ்வதில்லை, கீழ்ப்படியில் இருந்தவர்கள் நகர்ந்தார்களா என்று பார்ப்பேன்.

இதைப் பார்க்க ஒஹாயோவில் ஒரு வழி இருக்கிறது. ஆண்டுதோறும் செப்டம்பரில் மாநிலக் கல்வித் துறை ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ரிப்போர்ட் கார்டு வெளியிடுகிறது. முன்பு ஏ, பி, சி என்று கிரேடு கொடுத்தார்கள். 2022 முதல் ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம். அதில் 'பெர்ஃபார்மன்ஸ் இண்டெக்ஸ்' என்ற எண் ஐந்து படிகளுக்கும் எடை கொடுத்துக் கணக்கிடப்படுகிறது. லிமிட்டெடில் இருந்து பேசிக்குக்கு ஏறிய பிள்ளையும் அதில் கணக்கில் வருவாள், தேர்ச்சி சதவீதத்தில் வரமாட்டாள். அந்த எண்ணை ஐந்தாறு ஆண்டுகளுக்கு எடுத்து வரிசையாக எழுதிப் பாருங்கள். 2020இல் கோவிட் காரணமாகத் தேர்வே நடக்கவில்லை, 2021 முடிவும் நம்பத்தக்கதல்ல, அவற்றை விட்டுவிடலாம்.

அதைவிட முக்கியமானது 'புரோக்ரஸ்' என்ற பகுதி. பிள்ளைகள் முந்தைய ஆண்டுகளில் எடுத்த மதிப்பெண்ணை வைத்து, இந்த ஆண்டு எவ்வளவு எதிர்பார்க்கலாம், அதைவிடக் கூடுதலாக வளர்ந்தார்களா குறைவாகவா என்று பார்ப்பது. ஒரே ஆண்டை நம்பாமல் மூன்று ஆண்டுத் தரவைச் சேர்த்து, அண்மை ஆண்டுக்கு அதிக எடை கொடுத்துக் கணக்கிடுகிறார்கள். சிறிய மாவட்டத்தின் ஊசலாட்டத்தைக் கொஞ்சமாவது அடக்க இது உதவும்.

இந்த இரண்டையும் ஏன் பிரித்துப் பார்க்க வேண்டும்? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஷான் ரியர்டனும் அவர் குழுவும் அமெரிக்காவின் ஏறத்தாழ எல்லாப் பள்ளி மாவட்டங்களின் தேர்வு முடிவுகளையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்து ஒப்பிட்டிருக்கிறார்கள். மூன்றாம் வகுப்புச் சராசரி மதிப்பெண், ஊர்க் குடும்பங்களின் வருமானத்தோடும் பெற்றோரின் படிப்போடும் நெருக்கமாக ஒட்டிப்போகிறது. ஆனால் மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்குள் பிள்ளைகள் எவ்வளவு வளர்கிறார்கள் என்பது பணத்தோடு அவ்வளவாக ஒட்டவில்லை. பணக்காரப் புறநகரில் மெதுவாக வளரும் பள்ளிகளும் உண்டு, ஏழை ஊரில் வேகமாக வளர்க்கும் பள்ளிகளும் உண்டு. நீங்கள் பார்க்கும் அந்தப் பெரிய புறநகரின் உயர்ந்த மதிப்பெண்ணில் பெரும்பங்கு, அங்கே குடியிருக்கும் டாக்டர்களும் என்ஜினியர்களும் வீட்டிலிருந்து அனுப்பிவைத்தது. உங்கள் மகளுக்கு உங்கள் வீடு எந்த ஊரிலும் இருக்கும். பள்ளி கூடுதலாக என்ன தருகிறது என்பதுதான் உங்களுக்கு வேண்டிய விவரம்.

இன்னொரு பொறியும் இருக்கிறது. அறிக்கையில் 'பொருளாதாரத்தில் பின்தங்கியவர்கள் 100 சதவீதம்' என்று போட்டிருந்தால் ஊரே வறுமையில் கிடக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். ஏழைகள் கணிசமாக உள்ள பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் விண்ணப்பமின்றி இலவச உணவு தரும் கூட்டரசுத் திட்டம் ஒன்று உண்டு. அதில் சேர்ந்த பள்ளியில் வங்கி மேலாளரின் மகனும் அந்தக் கணக்கிலேயே வருவான்.

ஏழை ஊர், சிறிய மாவட்டம் என்றாலே முடிவு தாழ்ந்துதான் இருக்கும் என்ற எண்ணத்தை உடைப்பது அதே ஒஹாயோவின் கிழக்கு எல்லையில் இருக்கும் ஸ்டூபென்வில். ஒஹாயோ ஆற்றங்கரையில் உள்ள பழைய எஃகு நகரம். 1940இல் 37 ஆயிரம் பேருக்கு மேல் வாழ்ந்த ஊரில் 2020 கணக்கெடுப்பில் 18 ஆயிரம் சொச்சம்தான். ஆலைகள் மூடின, வேலை போனது, இளைஞர்கள் வெளியேறினார்கள். இருந்தும் அந்த ஊர்ப் பொதுப்பள்ளிகளின் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மாநில வாசிப்புத் தேர்வில் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து 90 சதவீதத்துக்கு மேல் தேறி வருகிறார்கள். தொடர்ந்து என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரு ஆண்டு 95 வருவது அதிர்ஷ்டமாக இருக்கலாம். ஒவ்வொரு ஆண்டும் புதிய பிள்ளைகள் வந்து, ஒவ்வொரு ஆண்டும் அதே உயரத்தில் நிற்பது அதிர்ஷ்டத்தால் வராது.

அங்கே நடப்பது என்ன? ராபர்ட் ஸ்லாவின், நான்சி மேடன் என்ற இரண்டு கல்வி ஆய்வாளர்கள் 1987இல் பால்டிமோரில் தொடங்கிய 'சக்சஸ் ஃபார் ஆல்' என்ற திட்டத்தை ஸ்டூபென்வில் பள்ளிகளில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக விடாமல் பிடித்திருக்கிறார்கள். தினமும் 90 நிமிடம் வாசிப்பு, அந்த நேரத்தில் பள்ளியில் வேறெதுவும் கிடையாது. எந்த வகுப்பு என்று பார்க்காமல், இப்போது எந்த அளவுக்கு வாசிக்க வருகிறது என்பதை வைத்துப் பிள்ளைகளைப் பிரித்து உட்கார வைக்கிறார்கள். குழுக்கள் சிறியதாக இருக்க வேண்டும் என்பதால் உடற்பயிற்சி ஆசிரியரும் அந்த நேரத்தில் வாசிப்புச் சொல்லித்தருகிறார். எழுத்தையும் ஒலியையும் சேர்த்துப் படிக்கும் ஃபோனிக்ஸ் முறையாக நடக்கிறது. பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக ஒருவருக்கொருவர் உரக்க வாசித்துக் காட்டுகிறார்கள். சில வாரங்களுக்கு ஒருமுறை சோதித்துக் குழுவை மாற்றுகிறார்கள், ஆகவே யாரும் ஆண்டு முழுவதும் ஒரே குழுவில் தேங்கி நிற்பதில்லை. முன்பள்ளியை மூன்று வயதிலேயே குறைந்த செலவில் தருகிறார்கள். பள்ளிக்கு ஒழுங்காக வருவதில் கண்டிப்பு.

இதில் எதுவும் பெரிய பணக்கார மாவட்டத்தால் மட்டும் முடிகிற காரியமல்ல. எனக்கு மிகவும் பிடித்தது அவர்கள் திட்டத்தை மாற்றிக்கொண்டே இருக்காததுதான். பல மாவட்டங்களில் மேலதிகாரி மாறினால் பாடத்திட்டமும் மாறும், ஆசிரியர்கள் பழையதில் கைதேர்வதற்குள் புதியது வந்துவிடும்.

சிறிய மாவட்டத்தின் உண்மையான பலவீனத்தையும் சொல்லியாக வேண்டும். 36 பேர் என்றால் மூன்றாம் வகுப்புக்கு இரண்டே ஆசிரியர்கள். அதில் ஒருவர் மகப்பேறு விடுப்பில் போய், கணிதம் கற்பித்துப் பழகாத மாற்று ஆசிரியர் ஐந்து மாதம் பார்த்துக்கொண்டால், அந்த ஆண்டுக் கூட்டத்தில் பாதிப்பேர் அதில் அடிபடுவார்கள். பெரிய மாவட்டத்தில் அதே நிகழ்வு எண்ணில் தெரியவே தெரியாது. பணமும் அப்படித்தான். இங்கே பள்ளி மாவட்டம் என்பது சொந்தமாகத் தேர்ந்தெடுத்த வாரியமும் சொத்துவரியும் கொண்ட தனி உள்ளாட்சி. சொத்து மதிப்பு குறைந்த ஊர் எவ்வளவு வரி போட்டாலும் வசதியான ஊர் அளவுக்குத் திரட்ட முடியாது. இந்த ஏற்றத்தாழ்வு அரசமைப்புக்கு முரணானது என்று ஒஹாயோ உச்ச நீதிமன்றமே 1997இல் டிரோல்ஃப் வழக்கில் தீர்ப்பளித்தது. அதன்பின் சில மாற்றங்கள் வந்தாலும், கூடுதல் வரிக்கான 'லெவி' வாக்கெடுப்பில் தோற்ற சிறு மாவட்டம் முதலில் வெட்டுவது வாசிப்புப் பயிற்சியாளரையும் கலை ஆசிரியரையும்தான். ஆகவே ஊரில் கடந்த லெவி என்ன ஆனது என்று விசாரியுங்கள். எனக்கு அது ஓராண்டுத் தேர்ச்சி சதவீதத்தைவிடப் பெரிய தகவல்.

இப்போது உங்கள் ஊருக்கு வருவோம். இன்று மாலையே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு தாளில் வகுப்புகளை மேலிருந்து கீழாகவும் ஆண்டுகளை இடமிருந்து வலமாகவும் எழுதி, கணிதத் தேர்ச்சியை நிரப்புங்கள். பிறகு வரிசையாகப் படிக்காமல் குறுக்குக் கோட்டில் படியுங்கள். 2022இல் மூன்றாம் வகுப்பு, 2023இல் நான்காம் வகுப்பு, 2024இல் ஐந்தாம் வகுப்பு. இதுதான் ஒரே பிள்ளைகளின் பயணம், ஓரிருவர் வந்துபோயிருப்பார்கள். மூன்றில் 55 இருந்த கூட்டம் ஐந்தில் 65க்கு வந்திருந்தால், அதுவும் இரண்டு மூன்று கூட்டங்களில் அப்படியே இருந்தால், பள்ளி வேலை செய்கிறது. ஒவ்வொரு கூட்டமும் மேலே போகப் போக இறங்கினால் கவலைப்படுங்கள். ஒவ்வொரு வகுப்பின் மாநிலச் சராசரியையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் வகுப்புக்கு வகுப்பு தேர்வின் கடினம் மாறும்.

வீட்டு விளம்பரத்தில் வரும் பத்துக்கு ஐந்து என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டாம். அதுவும் பெரும்பாலும் இதே தேர்வு எண்களிலிருந்து வடித்தெடுத்ததுதான், புதிய சான்று அல்ல. 'நேப்' என்ற தேசியத் தேர்வைத் தேடியும் பயனில்லை. அது மாநிலங்களுக்கும் சில பெரிய நகரங்களுக்கும் மட்டுமே முடிவு தரும்.

அதன்பின் பள்ளிக்குப் போன் செய்து நேரில் வரலாமா என்று கேளுங்கள். சிறு ஊரில் பிரின்சிபாலே உங்களைச் சுற்றிக்காட்டுவார், இது பெரிய மாவட்டத்தில் எளிதில் கிடைக்காத வசதி. போன ஆண்டு மூன்றாம் வகுப்பில் ஆசிரியர் மாற்றம் இருந்ததா என்று நேரடியாகவே கேட்கலாம், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வாசிப்புக்கு எந்தப் பாடத்திட்டம் என்று கேளுங்கள். 2023இல் வந்த மாநிலச் சட்டப்படி ஆய்வு அடிப்படையிலான பாடநூல்களை மாநிலப் பட்டியலிலிருந்து எடுத்தாக வேண்டும். அது எத்தனை ஆண்டாக நடைமுறையில் உள்ளது, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கிடைத்ததா என்பதில் அவர் தரும் பதிலின் தெளிவே நிறையச் சொல்லிவிடும். பின்தங்கிய பிள்ளைக்கு எழுதப்படும் வாசிப்பு முன்னேற்றத் திட்டம் எப்படி நடக்கிறது, யார் உட்கார்ந்து சொல்லித்தருகிறார், வாரத்துக்கு எத்தனை முறை என்றும் கேளுங்கள். முடிந்தால் வாசிப்பு வகுப்பில் இருபது நிமிடம் பின்னால் உட்கார்ந்து பாருங்கள். எல்லாப் பிள்ளைகளின் வாயும் அசைகிறதா, அல்லது கை தூக்கும் நாலு பேர் மட்டும் பதில் சொல்கிறார்களா என்று கவனியுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் கட்டாயம் வரும். சேர்க்கைப் படிவத்தில் வீட்டில் பேசும் மொழி என்ன என்று கேட்பார்கள். "தமிழ் என்று எழுதினால் பிள்ளையைத் தனியாக ஒதுக்கிவிடுவார்கள், பள்ளியின் மதிப்பெண்ணும் குறையும்" என்று சிலர் பயமுறுத்தி ஆங்கிலம் என்று எழுதச் சொல்வார்கள். அப்படிச் செய்யாதீர்கள். உள்ளதை எழுதினால் ஒரு சிறிய ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள். மகளுக்கு ஆங்கிலம் போதுமான அளவு வந்தால் அதோடு முடிந்தது. வராவிட்டால் கூடுதல் உதவி அவளுடைய சட்டப்பூர்வ உரிமை, பெற்றோர் வேண்டாம் என்று சொல்லவும் இடமுண்டு.

அவள் மூன்றாம் வகுப்புக்கு வரும்போது வாசிப்புத் தேர்வு இலையுதிர் காலத்தில் ஒருமுறை, வசந்தத்தில் ஒருமுறை என இரண்டு தடவை வரும். கணிதம் வசந்தத்தில் மட்டும். அதன்பின் உங்களுக்குத் தனியாக ஒரு அறிக்கை கிடைக்கும். அதில் அவளுடைய மதிப்பெண்ணும், பள்ளி, மாவட்ட, மாநிலச் சராசரிகளும், எந்தப் பகுதியில் வலுவாக இருக்கிறாள், எதில் தடுமாறுகிறாள் என்பதும் இருக்கும். பின்னம் வரவில்லையா, பெருக்கல் வாய்ப்பாடா என்று அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஆசிரியரிடம் பேசலாம்.

இவ்வளவும் பார்த்த பிறகு, குறுக்குக் கோட்டில் கூட்டங்கள் ஏறுகின்றன, புரோக்ரஸ் மூன்று நட்சத்திரமோ அதற்கு மேலோ இருக்கிறது, பிரின்சிபால் வாசிப்பைப் பற்றித் தெளிவாகப் பேசுகிறார் என்றால், நான் உங்கள் இடத்தில் அந்தச் சிறு ஊரிலேயே வீடு எடுப்பேன். தினமும் எண்பது நிமிடம் காரில் கழிக்கும் அப்பா, அந்த நேரத்தில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கதைப் புத்தகம் வாசிக்கலாம். மூன்றும் எதிர்மாறாக இருந்தால் புறநகரைப் பாருங்கள், அங்கும் இதே தாளைப் போட்டுப் பார்த்துவிட்டு. உங்கள் ஊரின் ஐந்து ஆண்டு எண்களை நிரப்பிய பிறகு குழப்பமாக இருந்தால் இங்கேயே போடுங்கள், சேர்ந்து படித்துப் பார்க்கலாம்.